ரெண்டு ஜோடி அண்ணாத்தே

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வேகக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு மூன்று முறை பெயர் கொடுத்து, மூன்று முறையும் மைதானம் வரை போய், ஒருமுறைகூட ஓடாமல் பரம திருப்தியோடு வீடு திரும்பிய மனிதர் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அறுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் டாலி கிளார்க்குகள் நாங்கள். மாதா கோயிலில் ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'ரெண்டு ஜோடி'. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் என்பதால் எனக்கு ரெண்டு ஜோடி அண்ணாத்தே.

காரணம் எளிது. அவரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்று, டயர் இரண்டு ஜோடி. ஆழமாகக் கட்டம் வெட்டிய தடித்த ஜோடி, தினமும் ரோட்டில் ஓட. இன்னொன்று பந்தய ஜோடி. வெளியூர்ப் பந்தயக்காரர் ஒருவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதைக் கேட்டு வாங்கி வந்தது. மேலே இரண்டு மூன்று மெல்லிய கோடுதான். சூடேறினால் கையில் அல்வா மாதிரி ஒட்டும். அதைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் இந்தப் பட்டப்பெயரைக் கேள்விப்பட்டு வேறு மாதிரி அர்த்தம் செய்துகொண்டார். பூசை முடிந்ததும் அண்ணாத்தேயைத் தனியே கூப்பிட்டு, ரெண்டும் ஒரே வீட்டிலா என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்.

"ஆமா ஃபாதர். ஒண்ணு எப்பவும் என்கூட வெளிய வரும். இன்னொண்ணு கட்டிலுக்கு அடில கீது."

"வீட்ல சம்மதமா?"

"மொதல்ல பேஜாரு பண்ணாங்க. இப்போ அவுங்களே தொடச்சி வெக்கிறாங்க."

ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டாராம். அவர் மனைவி பிலோமினா அண்ணியே நேரில் போய் டயரைக் காட்டி விளக்கிவிட்டு வந்தார்.

இப்போது அந்த மூன்று பந்தயங்கள். சோழவரத்தில் யுத்தகாலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பந்தயம். மற்றவர்கள் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். நம்மவர் ரோட்டு டயரில் ஓட்டிக்கொண்டு, பந்தய டயர் இரண்டையும் மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு போவார். அங்கே போய்ச் சக்கரத்தைக் கழற்றி, நெம்பி, மாற்றி, காற்றடித்து நிமிர்வதற்குள் அவருடைய பந்தயம் முடிந்திருக்கும். நிதானமாகப் பழைய டயரை மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

வீட்டிலிருந்தே பந்தய டயரோடு போகலாமே என்று கேட்டேன். கைக்குழந்தையைத் தூக்கிக் கடலில் போடலாமே என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"அது சூடேறினாத்தான் நைனா புடிக்கும். மார்க்கெட் ரோட்ல மாட்டு வண்டி பின்னால போய்கினு எங்கேந்து சூடேறும்?"

சரி, ரோட்டு டயரிலேயே பந்தயம் ஓடலாமே என்றேன். வளைவில் சாய்த்தால் அது பிடிக்காமல் வழுக்கிவிடும் என்றார். அவரைப் பொறுத்தவரை வேட்டி வேறு, கைலி வேறு. ஒன்றைக் கட்டிக்கொண்டு இன்னொன்றின் இடத்துக்குப் போகக் கூடாது.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் வண்டியைப் போலவே அதே கம்பெனி, அதே அளவில் பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் வழவழவென்று ஒரு வெளிநாட்டுப் பந்தய டயர் கிடைத்தது. பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் போனேன். மீன் கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் ரோடெல்லாம் மினுமினுத்தது. நான் பிரேக்கைத் தொட்டதுதான் ஞாபகம். அடுத்த கணம் ஒரு கூடை சங்கரா மீனுக்கு நடுவில் நானும் ஒரு சங்கராவாகக் கிடந்தேன்.

மீன்காரம்மா என்னைத் திட்டவில்லை. டயரைத்தான் திட்டினார்.

"மொட்டத்தல மாதிரி கீது இது. இத்த மாட்டிகினு மீன் தண்ணில வருவானா ஒர்த்தன்?"

மறுநாள் இதை அண்ணாத்தேயிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்தம்மாவைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று கிளம்பினார், கும்பிட்டுவிட்டும் வந்தார். நான் பழைய ரோட்டு டயரையே மறுபடி மாட்டிக்கொண்டேன். அதிலும் கட்டம் பாதி தேய்ந்திருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நான்காவது வருஷம் ஆபீஸ் மானம் இதில் சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கம்பெனி கிளார்க்குகள், உங்கள் ஆள் பந்தயத்துக்குப் போகிறாரா, பஞ்சர் ஒட்டப் போகிறாரா என்று கேட்டுவிட்டார்கள். நாங்கள் நாலு பேர் கோதாவில் இறங்கினோம். ஒரு மாதம், சாப்பாட்டு வேளையில், கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் டயர் மாற்றப் பழகினோம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது, ஒரு விரலும் நசுங்கியது. கடைசியில் இருபத்தைந்து நிமிஷத்துக்கு வந்தோம்.

பந்தயத்துக்கு முன்தினம் அண்ணாத்தே டயரைக் கொஞ்சம் வெயில் காட்டலாமென்று மாடியில் வைத்தார். அங்கே வீட்டுக்கார அம்மாள் கருவாடு காயப்போட்டிருந்தார். விளைவாக, சோழவரத்தில் மற்ற வண்டிகளைச் சுற்றி ரசிகர்கள் நின்றார்கள், எங்கள் வண்டியைச் சுற்றி மூன்று நாய்கள் நின்றன.

ஆனால் நேரத்துக்கு மாற்றிவிட்டோம். கொடி அசைந்தது. அண்ணாத்தே புறப்பட்டார்.

அந்த மனிதர் அப்படி ஓட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? ஆபீசுக்கு வரும்போது கைவண்டிகூட அவரை முந்தும். அங்கே வளைவில் முழங்கால் தரையைத் தொடுவதுபோலச் சாய்ந்தார். இரண்டாவது சுற்றில் ஏழாவது, நான்காவது சுற்றில் ஐந்தாவது. கடைசிக்கு முந்தின சுற்றில் மூன்றாவது. நாங்கள் நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கத்தினோம். மூன்றாவது இடத்துக்கும் கோப்பை உண்டு. பக்கத்துக் கம்பெனிக்காரர்களே முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது தூறல் போட்டது. தூறல் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ கை உதறியதுபோல நாலு சொட்டு. மற்ற வண்டிகள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. அண்ணாத்தே மட்டும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓரமாக ஒதுங்கி, மெதுவாக எங்களிடம் வந்து எஞ்சினை அணைத்தார்.

வண்டியில் கோளாறா என்று கேட்டோம். இல்லை என்றார்.

"மயை வந்துச்சி. இந்த டயரு அதுக்கு இல்ல."

அதற்குள் தூறலும் நின்றுவிட்டது. வெயில்கூட அடித்தது. ஒருவரும் விழவில்லை. நாலாவதாக வந்துகொண்டிருந்த ஒரு பையன் மூன்றாவதாகக் கோப்பை வாங்கிக்கொண்டு போனான். எங்களில் ஒருவன் டயர் நெம்பும் கம்பியை வீசி எறிந்தான். நான் அண்ணாத்தேயிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். பயந்துவிட்டீர்களா என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அவனுங்களுக்கு ஞாயித்துக்கெயம மட்டுந்தான் நைனா. எனக்கு திங்கக்கெயம கீது."

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல எட்டு மணிக்குக் கப்பலடியில் பென்சிலோடு நின்றார். நாங்கள் யாரும் அவரோடு பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தாமல் நாலு பேருக்கும் டீ சொல்லிக்கொண்டே இருந்தார். குடிக்காமல் எத்தனை டீயை ஆற விட முடியும்? எட்டாம் நாள் குடித்துவிட்டோம்.

அந்த ஐப்பசியில் எனக்குக் கல்யாணம். பெண் பெரம்பூர். மழை மூன்று நாளாக விடவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மாமியார் வீட்டு விருந்துக்கு அவளைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் வண்டி கல்மேல் நிற்கிறது, இரண்டு சக்கரமும் இல்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ரெண்டு ஜோடி அண்ணாத்தே தரையில் உட்கார்ந்திருந்தார். என் தேய்ந்த டயர்கள் ஒருபக்கம் கிடந்தன. தன் ரோட்டு ஜோடியை என் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் அதைப் புதிதாக வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. இந்த டயரே போதும், மெதுவாகப் போய்விடுவேன் என்றேன்.

"நீ தனியா வுயுந்தா அது உன் இஷ்டம். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி?"

நான் அவர் கழுத்திலிருந்த குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அன்று நினைத்தேன் என்று பிற்பாடு சொன்னாள். அது நானில்லை.

புது டயர் அப்போது நினைத்தவுடன் கிடைக்காது. கடையில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அண்ணாத்தேயிடம் மிச்சமிருந்தது கட்டிலுக்கடியில் இருந்த ஜோடி மட்டும். அதை அவர் ரோட்டில் இறக்குவாரா? மூன்று மாதம் பஸ்ஸில் வந்தார்.

ஒருநாள் மழையில், என் மனைவியோடு தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பைக் கடந்தேன். வரிசையில் அண்ணாத்தே நனைந்துகொண்டு நின்றார். நான் தலையசைத்தேன், அவள் கும்பிட்டாள். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. லேசாகக் குனிந்து, ஈர ரோட்டில் முன்சக்கரம் உருள்வதைப் பார்த்தார். பின்சக்கரத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, 'போ' என்று கையைக் காட்டினார்.

என் கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் வந்து ஆசீர்வாதம் செய்தார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் கைதான்.