ஏஞ்சல் காலை நீட்டிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை ஜெபகுமாருக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாமா அசரியா ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே முழங்கால்கள் நீங்கலாக எல்லோரும் சுகம். புனேயில் தாங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

"மூட்டுவாதம் வந்த புள்ளைய ரெஸ்ட் எடுக்க விடாம எதுக்கு மாமா எக்சர்சைஸ்னு படுத்துறீங்க? ஞாயித்துக்கிழமை வந்து நானே நிறுத்திடுறேன்" என்று போனில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பாயிருந்தால் கை தட்டச் சொல்லியிருப்பேன். நம் வீட்டு இரும்பு கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் விட்டோம். கடைசியில் தாங்கள் உதைத்துத்தான் திறந்தது, செருப்பும் அறுந்தது. பேத்தி ஏஞ்சலின் முழங்காலும் அப்படித்தான். மருந்து வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் தினமும் மடக்கி நீட்டாவிட்டால் மடங்கியபடியே இறுகிவிடும் என்கிறார் டாக்டர். உதைத்துத் திறக்க அது கேட் இல்லையே மாப்பிள்ளை!

மடக்குவதில் தகராறே இல்லை, நீட்டுவதில்தான். மகள் ஹெப்சி சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பியதும் பிசியோதெரபிஸ்ட் விஷ்ணுப்ரியா வந்து பாய் விரித்து, "காலை நீட்டு கண்ணு" என்றால், ஏஞ்சல் என்னைப் பார்த்துவிட்டு, "பெரியவங்க முன்னாடி காலை நீட்டக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க" என்கிறாள். சரியென்று நான் எழுந்து போனால் அந்தப் பக்கம் இயேசு படமாம், பாயைத் திருப்பினால் சமையலறையில் பாட்டியாம், இன்னொரு பக்கம் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு பட்டாபிராமன் சார் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், நாலு திசையிலும் பெரியவர்கள்! கடைசியில் விஷ்ணுப்ரியா, "பெரியவங்களும் நீட்டிட்டா தப்பில்லதானே?" என்று கேட்க, "அப்போ ஓகே" என்றாள். நான் நீட்டினேன், தங்கள் அத்தை நீட்டினாள், பட்டாபிராமன் சாரையும் கூப்பிட்டு நீட்ட வைத்தோம். அந்த நேரம் பார்த்து ஜெபம் பண்ண பாஸ்டர் வந்து நிற்கிறார்! "பாஸ்டர் அங்கிள், நீங்களும் நீட்டுங்க, இல்லாட்டி எனக்குப் பாவம்" என்றாள். பாவம், அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, நீட்டிய காலோடே ஜெபித்தார். ஆமென் சொன்ன பிறகு எழத்தான் முடியவில்லை. "சார், யாராவது தூக்குங்களேன்!" யார் தூக்குவது, காலை நீட்டிய யாராலுமே எழ முடியவில்லை. ஏஞ்சல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவள் கால் தானாகவே நீண்டுவிட்டது. "பாருங்க சார், முட்டிக்கும் பாய்க்கும் நடுவுல கேப்பே இல்ல!" என்று கத்தினாள் விஷ்ணுப்ரியா. போன மாதம் அந்த இடைவெளியில் என் கை முழுசும் நுழைந்தது.

ஆகையால் மாப்பிள்ளை, நிறுத்த வேண்டாம், பொறுமையாயிருங்கள். அவள் ஓட இன்னும் நாளாகும், அவசரப்படுத்தக்கூடாது. கர்த்தர் தங்கள் கைகளையும் கால்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
அசரியா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஏஞ்சல் இந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கேட் வரைக்கும் துரத்தினேன், எட்டவில்லை. கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். ஓட நாளாகும் என்று மேலே எழுதியதை விட்டுத் தள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, அவளைத் துரத்திப் பிடித்துப் பாருங்கள்.