மாமனார் முகத்துக்கு எந்தக் கை?

"என் மனசுல ஒண்ணுமில்லைங்க" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, பாவம். உள்ளே என்ன கிடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். இந்த ஞானம் எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், தின்ற கேசரி செரிப்பதற்குள் வந்தது.

அப்போது நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளன். (நான் மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன், வேலை கீழே அதுபாட்டுக்கு நடக்கும்.) அதுவரை பார்த்த பெண் வீட்டாரெல்லாம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இன்னமும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சேந்தமங்கலத்து வரன் வந்தது. பெண் பெயர் தேன்மொழி. சேலத்துக் கல்லூரி ஒன்றில் உளவியல் முதுகலை கடைசி வருஷம். உளவியல் என்றால் கிறுக்கு வைத்தியம் என்று என் அம்மாவுக்கு நினைப்பு. வெளியில் செலவு பண்ணாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு நிம்மதி.

போன இடத்தில் தேன்மொழி தலையைக் குனியவில்லை. என் சம்பளத்தை அம்மா கொஞ்சம் ஏற்றிச் சொன்னபோது நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். இவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் சன்னியாசம்தான் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். (பஜ்ஜியைத் தின்றுகொண்டேதான்.)

தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அவள் பேசவில்லை, மடிக்கணினியைத் திறந்தாள். கேள்வி கேட்டால் மாப்பிள்ளைகள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்களாம். அதனால் படிப்புக்காகத் தயாரித்த ஒரு சோதனையை எனக்கு வைக்கப்போகிறாளாம். நமக்கே தெரியாமல் நம் மனசு ஆண் பக்கம் சாய்கிறதா, பெண் பக்கம் சாய்கிறதா என்று அது சொல்லிவிடுமாம். நான் பயப்படவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று பத்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் முழங்கிப் பரிசு வாங்கியவன் நான்.

சோதனை எளிதுதான். திரையில் ஒரு முகம் வரும், அல்லது ஒரு சொல் வரும். முதல் சுற்றில், ஆண் முகமோ 'தலைமை', 'தீர்மானம்' மாதிரிச் சொல்லோ வந்தால் இடது விரலால் இடதுபக்கப் பொத்தானைத் தட்ட வேண்டும். பெண் முகமோ 'அடுப்பு', 'துடைப்பம்' மாதிரிச் சொல்லோ வந்தால் வலது விரலால் வலதுபக்கப் பொத்தான். இரண்டாவது சுற்றில் முகங்கள் மட்டும் இடம் மாறும்: பெண்கள் தலைமையோடு இடதுபக்கம், ஆண்கள் அடுப்போடு வலதுபக்கம். எந்தச் சுற்றில் கை தயங்குகிறதோ, அந்தச் சேர்க்கையை மனசு ஏற்கவில்லை என்று கணக்கு. வெள்ளைக்காரர் முகங்கள் நம்மவர்களுக்கு ஒத்துவராதென்று, தன் வீட்டு ஆல்பத்திலிருந்தே படம் எடுத்துப் போட்டிருந்தாள்.

ஆரம்பித்தாள். முதலில் வந்த முகம், கீழே கூடத்தில் என் அப்பாவோடு மரவள்ளி விலை பேசிக்கொண்டிருந்த அவள் அப்பா. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க, அது போட்டோதானுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். ஆனால் இடது கையால் எப்படித் தட்டுவது? எங்கள் பக்கம் பஸ் கண்டக்டருக்குச் சில்லறையை இடது கையால் நீட்டினாலே, "பீச்சாங்கையிலயா குடுக்கறது?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். வருங்கால மாமனாரின் முகத்துக்கா? வலது கையை இடதுபக்கம் கொண்டுபோய், பூப்போடுவது போலப் பொத்தானைத் தொட்டேன். அவள் சித்தப்பா வந்தார். அவருக்கும் வலது கைதான். மீசை வைத்த பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்கு வலது கையோடு ஒரு சின்னக் கும்பிடும் சேர்த்துப் போட்டேன்.

இரண்டாவது சுற்றில் பெண்கள் இடதுபக்கம் வந்தார்கள். அவள் அம்மா, அத்தை, சித்தி, மறுபடியும் அம்மா. இடது கை தானாகப் படபடவென்று தட்டியது. தொழில் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி.

கடைசியில் திரையில் முடிவு வந்தது. தலைமைக்கு உரியவர்கள் பெண்களே என்று என் உள்மனசு பலமாக நம்புகிறதாம்! நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "எப்பவுமே நான் இப்படித்தானுங்க" என்றேன். (எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.)

தேன்மொழி திரையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா மூஞ்சி வந்தப்ப ஏனுங்க சோத்தாங்கையைக் கொண்டுபோனீங்க?"

மதிப்பெண் கூடுமென்று நினைத்து, மரியாதையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பெரியவர்களுக்கு இடது கை நீட்டும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்றேன்.

"எங்கம்மா மூஞ்சிக்கு?"

அந்த நேரம் பார்த்து அவள் அம்மாவே டீயோடு மேலே வந்தார். "எடுத்துக்குங்க சாமி" என்று கண்ணாடி டம்ளரை நீட்டினார். என் வலது கை அந்தப் பாழாய்ப்போன பொத்தான்மேல் உறைந்து கிடந்தது. பதற்றத்தில் அவர் முகத்தைப் பார்த்தபடியே சட்டென்று டம்ளரை வாங்கினேன். எந்தக் கையால் என்று சொல்ல வேண்டுமா?

தேன்மொழி எழுந்து கீழே இறங்கிப் போனாள். நான் டம்ளரோடு பின்னால் ஓடினேன். கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும், மிஷின் பாஸ் போட்டுவிட்டது, கை ஃபெயில் ஆகிவிட்டது என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சன்னியாசத்துக்குக் காவி எங்கே கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவள் அப்பாதான் என் பக்கம் நின்றார். அவசரத்தில் எந்தக் கையில் வாங்கினால் என்ன, இதெல்லாம் ஒரு குத்தமா என்று மகளை அதட்டினார்.

அப்போது மாடிப்படியில் இறங்கி வந்த அவள் அம்மா, யாரையும் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அவராச்சும் மூஞ்சியைப் பாத்து வாங்குனாருங்க. இந்த ஊட்டுல நாங் குடுக்குற டம்ளரை ஆரு எந்தக் கையில வாங்குறாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஆரு பாத்தாங்க?"

எல்லாருடைய கண்ணும் அவள் அப்பாவிடம் போனது. அவருடைய வலது கையில் செல்போன், இடது கையில் டீ டம்ளர். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு செல்போனை மடியில் வைத்துவிட்டு, டம்ளரை மெல்ல வலது கைக்கு மாற்றினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் என் அம்மா டம்ளரை நீட்டும்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தேன்மொழி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேச்சேரிச் சந்தையில் கிடாய்க்குப் பல் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று கயிற்றை வாங்கிக்கொள்கிறவரின் முகம் அது.

"பழக்கிக்கலாமுங்க" என்றாள்.

கல்யாணம் நடந்தது. நானும் பழகிவிட்டேன். இப்போதெல்லாம் பெட்டிக்கடைக்காரரிடம் மிட்டாய் வாங்கினாலும் இரண்டு கையையும் நீட்டுவதால், ஏதோ தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று ஊரில் பேச்சு. எனக்காவது பரவாயில்லை. சேந்தமங்கலத்தில் என் மாமியார் ஒரு சட்டமே போட்டுவிட்டார். வலது கை வருகிறவரை டம்ளரை விடமாட்டார். பேப்பர் படித்துக்கொண்டே, போன் பேசிக்கொண்டே டீ குடித்து வாழ்ந்த மாமனார், எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீடே வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோதும் அதே கதைதான். மாமா டீயை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்றார் மெல்ல. "அன்னைக்கு அந்த டம்ளரைக் கீழ போட்டு ஒடச்சிருக்கக் கூடாதுங்களா?"