இந்த வீட்டில் டி.வி. இல்லை

மட்டாஞ்சேரி,
22-8-1985

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் செல்லதுரை அவர்களுக்கு, சுப்புராஜ் வணங்கி எழுதிக்கொண்டது. நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் தங்கை வீரலட்சுமியும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். உங்கள் தந்தி கிடைத்தது, என் துக்கத்துக்கு வருவதற்காகப் பிடித்த வேனைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.

உங்கள் ஊர் லாரி டிரைவர் இடப்பள்ளி முக்கில் பார்த்தது என் படம்தான், அவர் மேல் தப்பே இல்லை, கறுப்புக் கட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையில் ஒருவன் சிரிக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான், கீழே மலையாளத்தில் ஒரு வரி, மலையாளம் தெரியாதவர் வேறென்ன நினைப்பார்? அது இங்கே டி.வி. கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் ஒட்டிய போஸ்டர். இடது பக்கம் நான், அடியில் "இந்த வீட்டில் டி.வி. இல்லை". வலது பக்கம் டி.வி. முன்னால் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் கலரில் சிரிக்கிறார்கள், அடியில் "இந்த வீட்டில் உண்டு". அந்தச் சிரிக்கிற குடும்பம் இஸ்மாயில் பாயின் சொந்த மைத்துனர் குடும்பம். அவர் மைத்துனருக்குக் கலர், உங்கள் மைத்துனனுக்குக் கறுப்பு வெள்ளை.

என் படம் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். வியாபாரிகள் சங்க அடையாள அட்டைக்காகச் சுள்ளிக்கல்லில் நாணுவின் ஸ்டுடியோவில் எடுத்தது. "சேட்டா, மூச்சு விடாதீங்க, கண்ணு சிமிட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு எவன் சிரிப்பான்? போய்ச் சண்டை போட்டேன். "சேட்டா, பாய் வந்து சங்கடமுள்ள முகம் ஒண்ணு வேணும்னார். டிராயரைத் தொறந்தேன், மேலேயே நீங்க இருந்தீங்க" என்கிறான், வெட்கமே இல்லாமல்.

அதற்குப் பிறகு தெருவில் நடக்க முடியவில்லை மச்சான். சாயாக்கடை கமலாக்ஷி சேச்சி எனக்கு மட்டும் சர்க்கரை கூடப் போடுகிறாள், "ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்து பாருங்க, சங்கடப்படாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். அப்பளம் வாங்க வருகிறவர்கள் வீரலட்சுமியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். நேராக இஸ்மாயில் பாயிடம் போனேன்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல டி.வி. இருக்கா?"

"இல்லை."

"அப்ப நான் எழுதுனது உண்மைதானே?"

பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அவமானம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று அவருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவருக்கு எதிரே நிறுத்தி, என் துண்டால் எழுத்தை மூடி, சுமை தூக்கிப் போன ஒருவரை நிறுத்தி இந்த மனுஷன் யார் என்று கேட்டேன். "ஹெட்மாஸ்டர்" என்றார். மீன் விற்கிற அம்மா, "ஓட்டு கேட்கிற ஆள்" என்றாள். துண்டை எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "பாவம்!" என்றார்கள். "பார்த்தீரா பாய், முகம் என்னுது, பாவம் உம்முது. எல்லாத்தையும் கிழியும்" என்றேன். "முப்பத்தேழு ஒட்டியாச்சு, ஓணம் வியாபாரம் முடியட்டும்" என்று போய்விட்டார்.

வீட்டில் வந்து கத்தினேன். வீரலட்சுமி அப்பளத்தை வெயிலில் திருப்பிப் போட்டபடி, "முகத்தை நீங்க இனிமே மாத்த முடியாது. எழுத்தை மாத்துங்க" என்றாள். அவளுக்கு மலையாளம் என்னைவிட நன்றாக எழுத வரும். முப்பத்தேழு காகிதத் துண்டில் "கலப்படம்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தாள். மைதாப் பசை காய்ச்சி, நேற்றுக் காலை ஒவ்வொரு போஸ்டரிலும் என் பக்கத்து "டி.வி." மேல் ஒட்டினேன். கீழே "சுப்புராஜ் அப்பளம்" என்று ஒரு சீட்டு. "இந்த வீட்டில் கலப்படம் இல்லை." அதே முகம்தான் மச்சான், ஒரு ரோமம்கூட மாறவில்லை, ஆனால் இப்போது பார்த்தால் உளுந்தில் ஒரு கல்லைக்கூட அனுமதிக்காத மனுஷன் மாதிரி இருக்கிறேன்.

வலது பக்கத்தை நான் விரலால்கூடத் தொடவில்லை. ஆனால் "இந்த வீட்டில் உண்டு" என்பதற்கு மேலே அந்த நாலு பேரும் இப்போது எதையோ கலந்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் சிரிப்பது மாதிரி தெரிகிறார்கள். அந்த மைத்துனருக்குக் களமசேரியில் மளிகைக் கடை என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

பாய் இறங்கி வரும்வரை நானும் விடுவதாக இல்லை. கடைசிப் போஸ்டரும் கிழிந்தால்தான் என் மனசு ஆறும். இதில் என்னைத் தடுக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சுப்புராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது இஸ்மாயில் பாயே வந்துவிட்டார். "அண்ணாச்சி, களமசேரியில என் மச்சான் கடைக்கு ஒரு ஆள் வரல, வீட்ல சோறு தண்ணி இல்ல, மன்னிச்சுக்குங்க, நாளைக்கே எல்லாத்தையும் கிழிச்சுடுறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை மச்சான், இன்று மத்தியானமே சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு போஸ்டரில் கை வைத்தாலும் போலீஸுக்குப் போவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். வேனைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதில் உளுந்து மாவு நாலு மூட்டை ஏற்றி அனுப்பவும்.