கத்தரிச் செடியில் கோசுப் புழு

மனைவியின் தோட்டத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். தோட்டம் மூன்று மாடிக்கு மேலே மொட்டைமாடியில் இருந்தது. அவள் இதயமோ, "இனிமே படியேறினா எந்தப் படியில நிக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லும் நிலையில் இருந்தது. அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கல்யாணமான நாள் முதல் வராத தைரியம் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

காய்கறிக் கடையில் புழு வைத்த முட்டைக்கோசாகப் பார்த்துக் கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன். அவள் குளிக்கப் போன நேரத்தில், முள் எடுக்கும் இடுக்கியால் பச்சைப் புழுக்களைக் கத்தரிச் செடிகளில் குடியேற்றினேன்.

மறுநாள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"செடி பூரா போச்சு! வேரோட பிடுங்கிடலாம்!"

என் லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தாள். "இது கோசுப் புழு."

"புழுவுலகூட ஜாதி பாக்கறியா?"

"கோசு, முள்ளங்கி வகையை விட்டா எதையும் வாயில வைக்காது. இலையில ஒரு ஓட்டை இருக்கா பாருங்க. பாவம், பட்டினி."

"அப்ப எப்படி வந்துச்சாம்?"

"உங்ககூடப் படியேறி வந்திருக்கும்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன்.

"டாக்டர் சொன்னாரா?" என்றாள்.

"எ... எந்த டாக்டர்?"

"எங்கிட்ட முன்னாடியே சொன்னவர்தான். எங்க வீட்டுக்காரருக்குப் பக்குவமாச் சொல்லுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். ஏறினாலும் ஏறாட்டியும் ரொம்ப நாள் இல்லியாம்."

நான் குலுங்கி அழுதேன். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

"அழுதாச்சா? மேல போங்க. எனக்கப்புறம் நீங்கதான பாத்துக்கணும், இப்பவே கத்துக்குங்க."

அன்றிலிருந்து அவள் நாற்காலியில். நான் படியில். செடியில் எது ஊர்ந்தாலும் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து பெயர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பாடம் மறுபடி முதலிலிருந்து.

நேற்று கறுப்பாக, முள்முள்ளாக ஒன்று அகப்பட்டது. பொறிவண்டின் பிள்ளை, செடிப்பேனைத் தின்று செடியைக் காப்பாற்றுகிற நல்ல ஜீவன். எனக்கு நன்றாகவே தெரியும்.

"கெட்ட புழு. நசுக்கிடலாமா?" என்றேன்.

அவள் லென்ஸைக் கழற்றினாள்.

"தெரிஞ்சே தப்பாச் சொல்றீங்க. பாடம் முடியாட்டி நான் போகமாட்டேன்னு நெனப்பா?"