ஹால் டிக்கெட் மாமா

ஏ.எஸ்.ராவ் நகரில் ஹால் டிக்கெட் மாமாவைக் கேட்காமல் பிள்ளையை இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு அனுப்பிய குடும்பம் உருப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. கேட்டவர்களும் பெரிதாக ஒன்றும் உருப்படவில்லை என்பது வேறு விஷயம்.

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன ஆம்பளைகள் வாக்கிங் போவார்கள், அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை போடுவார்கள். இந்த மனுஷன் வருஷா வருஷம் நுழைவுத் தேர்வு எழுதினார். ஆமாம், அவரே எழுதினார். பழைய பிளஸ் டூ வைத்துக்கொண்டு ஜே.இ.இ. எழுத முடியாது என்றார்கள். அசருவாரா? ஓபன் ஸ்கூலில் சேர்ந்து மறுபடி பிளஸ் டூ பாஸ் பண்ணினார். அதுவும் பழசாகிப் போனதும் இன்னொரு தடவை பண்ணினார். அந்த அம்மாள், அவர் சம்சாரம், வாயைத் திறக்காமல் டிபன் கட்டிக் கொடுத்தாள்.

தேர்வு மையத்தில் வாட்ச்மேன், பெற்றவர்கள் அந்தப் பக்கம் உட்காரணும் என்று எங்கள் ஊர் உருதுவில் வழி மறிப்பான். "அங்கிள், பேரன்ட்ஸ் உதர் பைட்டோ."

"பேரன்ட் நக்கோ! ஸ்டூடன்ட்!" என்று ஹால் டிக்கெட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டுவார் மாமா. உள்ளே போனால் சோதனைக் கருவி 'கீ' என்று கத்தும். வெள்ளி அரைஞாண்! அதைக் கழற்றுவதற்குள் பின்னால் நிற்கும் பிள்ளைகள் சிரித்து மாளாது. அந்தச் சிரிப்போடேயே உள்ளே போவார்கள், பாவம்.

சாயங்காலம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தீர்ப்பு. "பிள்ளைக்குக் கணக்கு வருமான்னு எங்கிட்ட சொல்லாதீங்க. கணக்கு தப்பாப் போனா அழுவானா, அடுத்ததுக்குப் போயிடுவானா? அதைச் சொல்லுங்க." பதிலைக் கேட்டு, இந்தப் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை, அது நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று பிரித்துவிடுவார். கால்குலேட்டர் அனுமதிக்கிற அமெரிக்கப் பரீட்சையையும் விட்டுவைக்கவில்லை. "சுலபம்தான். ஆனா பாஸான பிறகு அப்பன் பிளாட்டை விக்கணும்" என்றார்.

என் மகள் நித்திலாவின் முறை வந்தது. கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் ஒரு விடை தப்பானால் பக்கத்தையே கிழித்துவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். என் வீட்டுக்காரர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து இன்ஜினியர். இருக்கிற பரீட்சை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார்.

"ஒண்ணுல விட்டா இன்னொண்ணுல பிடிக்கலாம்ல?" என்றார்.

"எல்லா டெஸ்ட்டுக்கும் போட்டா நல்ல சாமானும் புகைஞ்சு போயிடும் சார்" என்றார் மாமா. "ஜே.இ.இ. தப்புக்கு மார்க்கைப் பிடுங்கும். இவளுக்கு நக்கோ. நம்ம ஸ்டேட் பரீட்சை எம்செட்ல தப்புக்குத் தண்டனை இல்லை. அது ஒண்ணு போதும்."

"உங்க பையன் எந்தக் காலேஜ்ல படிச்சான்?" என்று கேட்டுவிட்டார் என் வீட்டுக்காரர்.

எங்கள் வளாகத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு மகன் இருந்தான் என்று மட்டும் தெரியும். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு என் வீட்டுக்காரரை அங்கேயே நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் மாமா பேச்சைக் கேட்காமல் ஜே.இ.இ.க்கும் கூட்டிப்போனார். லோத்குண்டா தாண்டி மையம். வாசலில் நித்திலா என் கையை விடவில்லை. "பயமேஸ்துந்தி அம்மா" என்றாள். பயம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். வரிசையில் அவளுக்கு முன்னால் மாமா, வழக்கம்போல் அரைஞாணோடு போராடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கேட் திறந்தது. நித்திலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாமா வெளியே வருகிறார். கூடவே தேர்வு மையத்து ஆள் ஒருவன் திட்டிக்கொண்டே வருகிறான். உள்ளே இவள் ஒரு விடைகூடத் தொடாமல், திரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்திருக்கிறாள். பக்கத்து வரிசையில் இருந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ஐயோ, வலிக்குதே! என் பேத்தி கூட வந்தாத்தான் வருவேன்" என்று அலறி இருவரையும் வெளியேற்ற வைத்துவிட்டார். உண்மையில் அவள் பேத்தியும் இல்லை, அவருக்கு நெஞ்சுவலியும் இல்லை.

என் வீட்டுக்காரர் குதித்தார். "எம் பொண்ணு பரீட்சையைக் கெடுக்க நீங்க யாரு?"

மாமா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "என் பையன் அழலை சார். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஒண்ணும் எழுதாம உக்காந்திருந்திருக்கான். வெளியில வந்து 'நல்லா எழுதியிருக்கேன்பா'ன்னு சொன்னான். ரிசல்ட் வந்த அன்னிக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். அவன் உள்ள உக்காந்திருந்தப்ப, நான் இதோ இந்த மாதிரி கேட்டுக்கு வெளியில நின்னு, இன்னொருத்தர்கிட்ட பெருமை அடிச்சுக்கிட்டிருந்தேன்."

என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் கொடுத்தார்.

நித்திலா எம்செட் மட்டும் எழுதினாள். சுமாரான ரேங்க், சுமாரான காலேஜ். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், எனக்கு அது போதும். மாமா இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் "எப்படி எழுதினீங்க மாமா?" என்று கேட்டேன். "நான் எங்கம்மா எழுதறேன்? பிள்ளைங்க எழுதுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

வீட்டை விட்டுப் போன தம்பி, இந்த ஊரில் வளர்ந்த உனக்குத் தமிழ் படிக்க வருமோ வராதோ, யாராவது படித்துக் காட்டினாலும் சரி. ஒரு போன் போடு. உங்கப்பா பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு.