ஒரே ஓர் அடிக்காரர்

எரிமலையைக் காலால் மிதித்து ஜெயிக்கக்கூடிய பிராணி உலகத்திலேயே ஒன்றுதான். அது ஐஸ்லாந்தில், எங்கள் வடக்குக் கடற்கரையில், கோடையில் மட்டும் தென்படும். எரிமலை நான்கே நாளில் கக்கிப்போட்ட கரும்பாறைக் காட்டின்மேல், மழையும் பனியும் உப்புக்காற்றும் ஆயிரம் வருஷம் பாடுபட்டு மெத்தை மாதிரி பாசி வளர்த்து வைத்திருக்கின்றன. அதை இந்தப் பிராணி ஒரே மிதியில் பெயர்த்துவிடும். இதன் பெயர் ‘ஒரே ஓர் அடிக்காரர்’.

வெளிநாட்டுப் பயணியைச் சொல்கிறேன் என்று நினைத்தீர்களா? அவர்கள் பாவம், ‘பாசியை மிதிக்காதீர்’ என்ற பலகையைப் படித்துவிட்டுப் பாதையோரக் கயிற்றுக்கு இப்பால் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். நான் சொல்வது தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வரும் நம்மவரை.

இடுப்பு உயரச் சக்கரம் போட்ட ஜீப்பில் வந்து இறங்குவார். போட்டிருக்கும் கம்பளிச் சட்டை அவர் அம்மா பின்னியது என்று நாம் கேட்காமலே சொல்வார். பலகையைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு எழுதியதாம். இவர் இந்த மண்ணிலேயே பிறந்தவராம். மண்ணா? இங்கே ஏது மண்? பிறகு படம் எடுக்கக் கயிற்றைத் தாண்டி ஒரே ஓர் அடி. படத்தில் மலை முழுசாக விழவில்லை என்று இன்னும் ஒரே ஓர் அடி. மலை விழுந்தால் கடல் விழவில்லை, கடல் விழுந்தால் மனைவியின் தலை விழவில்லை. இப்படி ஒற்றை அடியாகவே நடந்து கடல்வரை போய்ச் சேர்ந்துவிடுவார்.

இதில் எனக்கென்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. என் சித்தி ஹெர்டிஸ்தான் மூன்று கோடையாக அந்தச் சரிவில் மண்டியிட்டு, பெயர்ந்த பாசியைத் துண்டு துண்டாகப் பொருத்தித் தண்ணீர் தெளிக்கிறாள். இந்த வருஷம்தான் பச்சை பிடித்திருக்கிறது. புதிதாக ஒரு தடம் விழுந்தால் போதும், வருகிறவர்கள் எல்லாரும் அதிலேயே நடப்பார்கள். மூன்று வருஷ உழைப்பும் போச்சு. நான் கூடப் போவது அவள் பொரித்துத் தரும் க்ளைனாப் பலகாரத்தைத் தின்பதற்கு. வேறு எதற்கும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஸ்துர்லா என்று ஒருவர், மேற்சொன்ன ஜீப், மேற்சொன்ன சட்டையோடு, சரிவின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். விடுவேனா? பாதையில் நின்றபடியே வறுத்தெடுத்தேன். பலகையைப் படித்துக் காட்ட என் ஒன்பது வயதுத் தங்கையை அனுப்பட்டுமா என்று கேட்டேன். சித்தியும் பாசி வாளியோடு வந்து நின்றாள்.

மனிதர் கோபப்படவில்லை.

“இங்க ஏற்கெனவே தடம் இருந்துச்சு தம்பி. பாதைன்னு நெனச்சுத்தான் வந்தேன்.”

“புளுகாதீங்க.”

அவர் தன் பூட்ஸைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “என் கால் நாப்பத்தாறு. இது நாப்பதுகூட இருக்காது. அந்தப் பாறைவரைக்கும் போயி, கொஞ்ச நேரம் குந்தியிருந்துட்டுத் திரும்பியிருக்கு. தெனமும் வந்து போகுது போல.”

சித்தி என் காலைப் பார்த்தாள். நானும் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“அங்க லோவாக் குருவி கூடு கட்டியிருக்கு சித்தி. பொரிச்சிருச்சான்னு பாக்கத்தான்...”

“எத்தனை குஞ்சு?”

“நாலு.”

சித்தி பாசி வாளியை என் கையில் திணித்தாள். ஸ்துர்லா சிரித்துக்கொண்டே அதையும் படம் எடுத்தார்.

நீங்களும் சிரியுங்கள், வாசகரே. நீங்கள் நடந்த இடத்தில் யாரும் இன்னும் கால் அளவு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.