பாஸ்போர்ட்டுக்குப் பதில் நான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை எடுப்பேன், வழக்கம்போல் உச்சியில் 'சிவமயம்' என்று எழுதுவேன், அந்த வார்த்தையைப் பார்த்ததும் வெட்கம் வந்து மூடி வைத்துவிடுவேன். (ஏன் வெட்கம் என்பது போகப் போகத் தெரியும்.) சாமியைக் கிண்டல் செய்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்றும் பயம். சாமி மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் சந்தனம் குழைத்த கையின் மேல்தான்.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாவு மில். படிப்பு பத்தாவது. என் மனைவி செல்வியின் தம்பி பாலு, பதினெட்டு வருஷமாகப் பிரான்சில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடிமகனும் ஆகிவிட்டான். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, ஒரு வழியாகப் புது வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் சிதம்பரத்தில் நடராஜருக்கு வேண்டுதலை முடிக்க ஒரு வாரம் வந்தான்.

"டாக்சி சொல்லட்டுமா மச்சான்?" என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. செல்ஃப் டிரைவ் எடுத்துக்கலாம். நானே ஓட்டறேன். இன்டர்நேஷனல் லைசென்ஸ்கூட எடுத்துட்டு வந்திருக்கேன்."

யோசித்துப் பாருங்கள். அவனுக்குக் கடலூர்தான் இப்போது வெளிநாடு. ஆக, வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்தவன் அவன். எடுத்ததைக் கெடுத்தவன் நான்.

செம்மண்டலம் பக்கம் ஒரு கடை. வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம் என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். பாலுவோ வெள்ளைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, டயரைத் தட்டி, கதவைத் தடவிக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பல்லை எண்ணுவதுபோல எனக்குக் கூசியது.

"மாமா, பின் கதவுல மூணு கோடு. பம்பர் உரசியிருக்கு. பெட்ரோல் மூடிகிட்ட ஒரு பள்ளம். எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கணும்."

"சாமி காரியத்துக்குப் புறப்படறப்ப குறை சொல்லாதடா" என்றேன்.

கடைக்காரர் வேறொருவரிடம் பேசிக்கொண்டே ஒரு ஃபாரத்தை நீட்டினார். "எதனா இருந்தா இதுல எழுதிக் கையெழுத்து போட்டுடுங்க. பாஸ்போர்ட் ஒரிஜினல் குடுங்க சார், வண்டி வந்ததும் திருப்பித் தந்துடறேன்."

பாலு தயங்கினான். "காப்பி தரேனே."

"குடுடா. நம்ம ஊர் ஆளு. நான் பொறுப்பு" என்றேன். (எதற்குப் பொறுப்பு என்று அப்போது எனக்கே தெரியாது.)

அவன் உள்ளே போன நேரத்தில் ஃபாரத்தை நான் நிரப்பினேன். நடுவில் ஒரு பெரிய கட்டம். 'வண்டியில் ஏற்கெனவே உள்ள குறைகள்' என்று போட்டிருந்தது. புறப்படும் நேரத்தில் குறையை எழுத மனம் வரவில்லை. காலியாக விடவும் மனம் வரவில்லை. 'சிவமயம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்து, கோடு இருந்த கதவில் ஒரு பூச்சு, பம்பரில் ஒரு பூச்சு, பள்ளத்தில் ஒரு உருண்டை. அடிபட்ட இடத்தில் மருந்து வைப்பதுபோல் வைத்தேன். மேலே குங்குமம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்.

பாலு வெளியே வந்து போனில் நாலு பக்கமும் படமெடுத்தான். "மாமா, கோடெல்லாம் எங்க?"

"சாமி பாத்துக்கும். ஏறு."

அவன் துடைக்கப் போனான். "சந்தனத்தைத் துடைக்காதடா" என்று கூட வந்திருந்த செல்வி கையைப் பிடித்துவிட்டாள். வண்டி பத்து இருபத்தைந்துக்குப் புறப்பட்டது. ராகுகாலத்தை ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. பிரான்சு வண்டியில் இண்டிகேட்டர் இடது கைப்பக்கமாம். நம் வண்டியில் அங்கே இருப்பது வைப்பர். அதனால் திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஆடி, கண்ணாடியில் நான் வைத்த குங்குமத்தை அரைவட்டமாக இழுத்துவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் உலகமே செவ்வாய்க் கிரகம் மாதிரி தெரிந்தது. சிதம்பரத்தில் மனம் நிறைய தரிசனம். பாலு கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்தேன். அங்கேயே தங்கலாம் என்று ஒரு லாட்ஜில் கேட்டால், வெளிநாட்டுக்காரர் என்பதால் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்கள். அது செம்மண்டலத்தில் இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் அவன் கிளம்ப வேண்டும். இரண்டு மணிக்கு டாக்சி, இரவு சென்னையிலிருந்து விமானம். வாங்கிய பொருளைச் சுத்தமாகத் திருப்பித் தரவேண்டும் என்று நான் காலையிலேயே வாளியும் துணியுமாகக் காரைக் கழுவித் தள்ளினேன். பளபளவென்று ஆனது. மூன்று கோடும் பளபளவென்று தெரிந்தது.

கடையில் கொண்டுபோய் நிறுத்தியதும் கடைக்காரர் சுற்றி வந்து பின் கதவருகே குனிந்தார். "சார், இது என்னா?"

"அது பழசுங்க."

"பழசுன்னா இதுல இருக்கணுமே." ஃபாரத்தை எடுத்து உரக்கப் படித்தார். "ஏற்கெனவே உள்ள குறைகள். சிவமயம்." மறுபடியும் ஒருமுறை படித்தார். "குறை என்னான்னு கேட்டா சாமி பேரை எழுதியிருக்கீங்க. நான் இதை எப்படி சார் எடுத்துக்கறது?"

பாலு போனைக் காட்டினான். பதினான்கு படம். பதினான்கிலும் கோடு இருக்கவேண்டிய இடத்தில் என் சந்தனம்.

"நல்லா அலங்காரம் பண்ணியிருக்கீங்க" என்றார் கடைக்காரர், நிஜமாகவே பாராட்டுவதுபோல.

"இவரு வைக்கறப்பவே நெனச்சேன், வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி அப்பறாரேன்னு" என்றாள் செல்வி.

"வண்டி என்னுது இல்ல சார். மங்கலம்பேட்டைக்காரர் ஒருத்தர் எங்கிட்ட விட்டிருக்காரு. மாசா மாசம் வந்து தடவித் தடவிப் பாப்பாரு. அவருக்கு நான் பதில் சொல்லணும். பெயிண்ட் செலவைக் குடுத்துட்டு பாஸ்போர்ட்டை எடுத்துக்குங்க."

நான் கொடுத்துவிடலாம் என்றேன். பாலு ஒத்துக்கொள்ளவில்லை. "பண்ணாத தப்புக்கு எதுக்கு மாமா குடுக்கணும்?" பிறகு கடைக்காரரிடம் நிதானமாகச் சொன்னான். "அந்தப் பாஸ்போர்ட் எனக்கே சொந்தமில்லைங்க, அரசாங்கத்துது. அதைப் பிடிச்சு வைக்க உங்களுக்கு உரிமை கெடையாது. வச்சுக்கறதுன்னா எழுதிக் குடுங்க, நான் எம்பசியில காட்டணும்."

கடைக்காரர் முகம் மாறியது. "எழுதிலாம் தர முடியாது சார். ஆனா எனக்கும் ஒரு ஈடு வேணாமா?"

மணி ஒன்றரை. பாலு என்னைத் தனியே இழுத்தான். "மாமா, திங்கக்கிழமை காலைல நான் அங்க நிக்கணும். நிக்கலன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க." எட்டு மாதம் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். நடராஜா, என் புத்தியை மன்னித்து இவனை அனுப்பி வை என்று வேண்டிக்கொண்டேன். வாய் தானாகப் பேசியது.

"ஈடு நான் இருக்கேங்க. அவன் போவட்டும். விஷயம் தீர்ற வரைக்கும் நான் இங்கியே உக்காந்திருக்கேன்."

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். (வண்டியைத் திருப்பி வாங்கும்போது பார்த்த அதே பார்வை. கீறல் தேடினாரோ என்னவோ.) பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

"சாப்பாடு குடுப்பாங்களான்னு கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, செல்வி தம்பியை வழியனுப்பப் போய்விட்டாள்.

டீ வந்தது. பேப்பரை டெண்டர் விளம்பரம் வரை படித்து முடித்தேன். சும்மா இருக்க முடியாமல், மேசையில் இருந்த பழைய ஃபாரக் கட்டை எடுத்துப் புரட்டினேன். போன வாரத்துத் தாளில் நம் காரின் நம்பர். எடுத்தவர் கிள்ளை என்ற ஊர்க்காரர். அழகான கையெழுத்து. 'இடது பின் கதவில் மூன்று கோடு. முன் பம்பரில் உரசல். பெட்ரோல் மூடி அருகே ஒரு ரூபாய் அளவு பள்ளம்.' அந்த மனிதர் சாமி பேர் எதுவும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்தான் சாமி.

கடைக்காரர் தாளை வாங்கிப் படித்தார். கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

"மொதல்லயே பழைய ஃபாரத்தைப் பாத்திருக்கணும் சார். தப்பு என்னுது."

"நானும் கேட்டிருக்கணுங்க."

பாக்கி எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்து, "வாங்க, வீட்ல விட்டுடறேன்" என்று அதே காரை எடுத்தார். நான் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். பாலுவுக்குப் போன் போட்டேன். டாக்சி திண்டிவனம் தாண்டியிருந்தது. "விட்டுட்டாங்களா மாமா?" என்றான். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான், இன்றுவரை அங்கேதான் இருக்கிறான்.

உள்ளூரோ வெளிநாடோ, வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாமி கும்பிடுங்கள், தாராளமாக. ஆனால் முதலில் படம், பிறகு சந்தனம். உள்ள குறையை எழுதுவது அபசகுனம் இல்லை, உண்மை. உண்மையைச் சொன்னால் எந்தச் சாமியும் கோபிக்காது. பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். தகராறு என்றால், உங்களுக்கு முன் அந்த வண்டியை எடுத்தவர் எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

போன மாதம் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கப் போனோம். கடைக்காரர் ஆதார் கார்டு கேட்டார். செல்வி என்னை முன்னால் தள்ளிவிட்டு, "ஒரிஜினலே இருக்கு, வச்சுக்குங்க" என்றாள்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நான் அந்தக் கடையில் இருந்தது ஒன்றரையிலிருந்து நாலே முக்கால் வரைதான். செல்வி சொல்லும் கதையில் அது மூன்று நாள் ஆகிவிட்டது. பிரான்சில் மச்சான் சொல்வதில் என் காலில் சங்கிலியும் இருக்கிறதாம்.